இஞ்செரா: ஒரே தட்டில் நாலு பேர்!

எத்தியோப்பியச் சாப்பாடு மேஜைக்கு வந்ததும், முதல்முறை பார்க்கும் நம்மவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அகலமான வட்டத் தட்டு. தட்டை மூடிக்கொண்டு, மெத்தென்று, உடம்பெல்லாம் பொத்தல் பொத்தலாக ஒரு பெரிய தோசை. அதன் மேலேயே அங்கங்கே சிவப்பாக ஒரு குழம்பு, மஞ்சளாக ஒரு பருப்பு, கரும்பச்சையில் கீரை, ஓரத்தில் முட்டைகோஸ் பொரியல். ஸ்பூன் கிடையாது, முள்கரண்டி கிடையாது. கையாலேயே சாப்பிடலாம். "அப்பாடா, நம்ம ஊர் மாதிரிதான்" என்று உற்சாகமாக ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைப்பார்கள்.

புளிக்கும். சுள்ளென்று, மூன்று நாள் வெளியே இருந்த மாவு புளிக்கிற மாதிரி. சூடும் இருக்காது. மொறுமொறுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஸ்பாஞ்சைக் கிழித்து வாயில் போட்டதுபோல இருக்கும். பெயர் இஞ்செரா. பெயரில் இஞ்சி இருக்கிறதே தவிர, மாவில் இஞ்சி இல்லை.

பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்த அடிஸ் அபாபாவுக்குப் போனவர்களும், ஹவாசாவின் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தவர்களும், வாஷிங்டனிலோ டொரன்டோவிலோ குடியேறி, அலுவலக நண்பர் கூப்பிட்டார் என்று எத்தியோப்பிய உணவகத்துக்குள் நுழைந்தவர்களும் இந்த முதல் விள்ளலைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். ஆனால், புளிப்பு சின்ன அதிர்ச்சிதான். நாலாவது வாயில் பழகிவிடும். பெரிய அதிர்ச்சி வேறு. மேஜையில் நாலு பேர் உட்கார்ந்திருக்க, வந்திருப்பது ஒரே ஒரு தட்டு. உங்களுக்கென்று தனித்தட்டு வராது. எல்லோரும் அதிலேயே கை வைக்க வேண்டும்.

மாவு சொல்லும் கதை

தட்டுக்கு வருவதற்கு முன்னால், அந்தத் 'தோசை'யைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். இஞ்செராவுக்கான தானியம் டெஃப். கசகசா அளவுதான் இருக்கும். கேழ்வரகை அதன் பக்கத்தில் வைத்தால் கேழ்வரகு பெரிய தானியமாகத் தெரியும். (கேழ்வரகின் பூர்வீகமும் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலம்தான். அங்கிருந்துதான் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்தியாவுக்கு வந்தது. எத்தியோப்பியாவில் அதற்கு டகுசா என்று பெயர்.) டெஃப்பில் இரும்புச் சத்தும் கால்சியமும் தாராளம். கோதுமையில் இருக்கும் குளூட்டன் கிடையாது. வெள்ளை டெஃப்புக்கு விலை அதிகம். சிவப்புக்குக் குறைவு. அதையும் வாங்க முடியாத வீடுகளில் சோளம், பார்லி, மக்காச்சோளம் என்று கையில் இருப்பதைக் கலந்துகொள்வார்கள்.

உளுந்து கிடையாது, கிரைண்டரும் வேண்டாம். காய்ந்த மாவைத் தண்ணீரில் கரைத்து, முந்தைய மாவின் மேல் தேங்கி நிற்கும் மஞ்சள் நிறத் தெளிவைக் கொஞ்சம் ஊற்றி மூடி வைப்பார்கள். தயிருக்கு உறை ஊற்றுவதுபோலத்தான். இந்தத் தெளிவுக்கு எர்ஷோ என்று பெயர். வீட்டுக்கு வீடு எர்ஷோ மாறும் என்பதால் புளிப்பும் வீட்டுக்கு வீடு மாறும். இரண்டு மூன்று நாள் புளித்த பிறகு, மாவில் கொஞ்சம் எடுத்துக் கூழாகக் காய்ச்சி, திரும்ப அதே மாவில் கலப்பார்கள். ஆப்பம் பஞ்சு மாதிரி வர அரிசிக்கூழ் காய்ச்சிச் சேர்க்கும் வீடுகளில் இதைச் சொன்னால் உடனே புரியும்.

ஊற்றும் விதம்தான் நேர் எதிர். தோசைக்கு நடுவில் ஊற்றி வெளியே தேய்ப்போம். அங்கே ஓரத்தில் தொடங்கி, மெல்லிய தாரையாகச் சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிப்பார்கள். மிதாத் என்ற அந்தக் களிமண் கல் அரை மீட்டருக்கும் அகலமானது. இப்போது நகரத்து வீடுகளில் மின்சார மிதாத்தான். எண்ணெய் விடுவதில்லை. ஊற்றியதும் மூடிவிட வேண்டும். திருப்பிப் போடக் கூடாது. ஆவியில் மேல்பக்கம் குமிழ் குமிழாக வெடித்து நிற்கும் பொத்தல்களை அவர்கள் 'கண்கள்' என்கிறார்கள். கண் நிறைய விழுந்திருந்தால் ஊற்றியவருக்குக் கைராசி. கண்ணே இல்லாமல் மொழுக்கென்று வந்தால், வீட்டுக்கு வந்த மாமியார் என்ன நினைப்பார் என்பதை எழுத வேண்டியதில்லை.

சுட்டதும் சாப்பிடுகிற வழக்கமும் இல்லை. இரண்டு மூன்று நாளுக்குத் தேவையானதை மொத்தமாகச் சுட்டு, அடுக்கி, மூடி வைத்துவிடுவார்கள். ஆறித்தான் இருக்கும். சூடு குழம்பிலிருந்து வர வேண்டும். ஆறிய இஞ்செராதான் குழம்பை நன்றாக உறிஞ்சும் என்பது சாப்பிடும்போது தெரியவரும். சூடாகக் கேட்டு அடம்பிடிப்பதில் அர்த்தமில்லை.

எச்சில்

இப்போது அந்தத் தட்டு. எச்சில் என்பதற்கு நம் வீடுகளில் இருக்கும் சட்டதிட்டங்களைச் சொல்லி முடியாது. தம்ளரைத் தூக்கிக் குடி. கடித்த பழத்தைக் கொடுக்காதே. சாப்பிட்ட கையால் கரண்டியைத் தொடாதே. இலை தனி, தட்டு தனி. இப்படி வளர்ந்த ஒருவரை, முன்பின் தெரியாத மூன்று பேரோடு ஒரே தட்டில் கை வைக்கச் சொன்னால் தயங்கத்தான் செய்வார். தயக்கத்தில் தப்பில்லை.

ஆனால், அவர்களுக்கு எச்சிலைப் பற்றிய கவலையே இல்லை என்று நினைத்தால் அது தப்பு. ஐந்து நிமிடம் கவனித்தாலே தெரிந்துவிடும்.

சாப்பாட்டுக்கு முன் கை கழுவ உங்களை எழுந்துபோகச் சொல்ல மாட்டார்கள். வீட்டு விருந்தில் குடத்தையும் தாம்பாளத்தையும் எடுத்துக்கொண்டு உங்கள் இடத்துக்கே வந்து தண்ணீர் ஊற்றுவார்கள். அதன் பிறகு வலது கை மட்டும்தான். இடது கை தட்டின் பக்கமே வரக் கூடாது. உங்கள் எதிரே இருக்கும் பகுதி உங்களுடையது. தட்டின் அந்தப் பக்கம் இருக்கும் கறித்துண்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் எட்டி எடுக்கக் கூடாது. (விருந்தாளி என்றால் வீட்டுக்காரர்களே அதை உங்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள்.) இஞ்செராவை விரல் நுனியால் சின்னதாகக் கிழித்து, அதைக் குழம்பின் மேல் போர்த்தி, சுருட்டி எடுக்க வேண்டும். விரல் தொடுவது இஞ்செராவைத்தான், குழம்பை அல்ல. எடுத்த துண்டு முழுதாக வாய்க்குள் போய்விட வேண்டும். பாதி கடித்துவிட்டு மீதியைத் திரும்பக் குழம்பில் தோய்ப்பது பெரிய அநாகரிகம். விரலை நக்குவதும் அப்படித்தான்.

நம் ஊர்க் கைக்கும் அவர்கள் கைக்கும் இங்கேதான் வித்தியாசம். ரசஞ்சாதத்தைப் பிசைந்து, உள்ளங்கை வரை வழித்துச் சாப்பிடுகிறவர் அந்தத் தட்டில் உட்கார்ந்தால், முகம் சுளிப்பது அவர்களாக இருக்கும்.

இத்தனை கட்டுப்பாட்டையும் ஒரே நொடியில் உடைத்துப்போடும் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் குர்ஷா. பக்கத்தில் இருக்கும் பெரியவரோ, வீட்டுக்கார அம்மாவோ திடீரென்று ஒரு பெரிய கவளத்தைச் சுருட்டி, நேராக உங்கள் வாய்க்கு நீட்டுவார். நீங்கள் வாயைத் திறக்க வேண்டும். கவளம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பிரியம் என்று கணக்கு. கன்னம் இரண்டும் உப்பி, பேச முடியாமல் விழிக்கும் வரை விட மாட்டார்கள். ஒன்றோடு நிறுத்தவும் மாட்டார்கள். வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டால் மனசு கஷ்டப்படும்.

வளர்ந்த பிறகு நம்மில் எத்தனை பேருக்கு யாராவது ஊட்டிவிட்டிருப்பார்கள்? மொட்டை மாடியில் பாட்டி உருட்டிக் கையில் வைத்த சோறு, கல்யாணத்தன்று பாலும் பழமும், அத்தோடு சரி. முதல் குர்ஷாவில் நாற்பது வயது ஆட்கள்கூடக் கூச்சத்தில் நெளிவது இதனால்தான். ஒரு சின்ன யோசனை: வாயை நன்றாகத் திறந்து, கவளத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். ஊட்டுகிறவர் விரலில் உதடு படாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. சளி, காய்ச்சல் இருந்தால் முன்பே சொல்லிவிடலாம். புரிந்துகொள்வார்கள். வெளிநாட்டு உணவகங்களில் தனித்தட்டு கேட்டாலும் தருவார்கள். ஆனால், அங்கே போய் தனித்தட்டில் சாப்பிடுவது, கல்யாண வீட்டுக்குப் போய் பார்சல் வாங்கிக்கொண்டு வருவது மாதிரி.

ஒரே தட்டு என்றதும் அங்கே எல்லோரும் சமம், நாம்தான் பிரித்து வைத்திருக்கிறோம் என்று எழுதிவிடுவது சுலபம். உண்மை அப்படி இல்லை. தென்மேற்கில் காஃபா என்றொரு பகுதி. காட்டுக் காப்பிச் செடிக்குப் பேர்போன இடம். அங்கே மாஞ்ஜோ என்ற சமூகத்தார் உண்டு. பரம்பரையாக வேட்டையாடி, காட்டு விலங்குகளை உண்டவர்கள் என்பதைக் காரணம் காட்டி, மற்றவர்கள் அவர்களை வீட்டுக்குள் சேர்க்காமல், ஒரே தட்டில் உட்காரவிடாமல் ஒதுக்கிவந்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். தட்டு ஒன்றுதான். ஆனால் அதைச் சுற்றி யார் உட்காரலாம் என்பதற்கு அங்கேயும் கோடு கிழித்திருக்கிறார்கள். சமபந்தி என்று தனியாக ஒரு சொல்லே தேவைப்பட்ட, டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மதத்தை ஒட்டியும் ஒரு கோடு உண்டு. கிறிஸ்தவர் அறுத்த இறைச்சியை முஸ்லிம் உண்ண மாட்டார். முஸ்லிம் அறுத்ததைக் கிறிஸ்தவர் தொட மாட்டார். கசாப்புக் கடைகளே தனித்தனி. பன்றி இறைச்சியை ஒதுக்குவதில் மட்டும் இரு தரப்பும் ஒன்று.

புதன், வெள்ளி பார்த்துப் போங்கள்

சைவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் வாரத்தில் புதனும் வெள்ளியும் விரதம். ஈஸ்டருக்கு முன் 55 நாள். ஆகஸ்டில் 15 நாள். கிறிஸ்துமஸுக்கு முன் இன்னும் நாற்பது நாளுக்கு மேல். எல்லாம் சேர்த்தால் சாதாரண பக்தருக்கே ஆண்டில் ஏறக்குறைய 180 நாள். குருமார்களுக்கு 250 வரை போகும். விரதம் என்றால் இறைச்சி மட்டுமல்ல. பால், வெண்ணெய், முட்டை எதுவும் கூடாது. பலர் மதியம் தாண்டும் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

பாதி வருடம் இப்படி இருக்க வேண்டுமென்றால் சமையல் எப்படி வளரும்? பருப்பிலும் காயிலும்தான். சாப்பாட்டுக் கடையில் 'யெட்சோம் பெயாய்நேத்து' என்று கேட்டால் போதும். 'விரதத்துக்கு, வகைவகையாக' என்று பொருள். மைசூர்ப் பருப்பில் காரக் குழம்பு, மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, கீரை, பீட்ரூட், உருளைக்கிழங்கும் கேரட்டும் சேர்ந்த கோஸ் என்று ஏழெட்டு வகை வந்துவிடும். நடுவில் ஷிரோ. கடலை மாவில் மசாலா போட்டுக் கொதிக்கவைத்த கெட்டிக் குழம்பு. பூரிக்குப் பாம்பே சட்னி செய்கிற வீட்டுக்காரர்கள் முதல் வாயிலேயே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஒன்று மட்டும் கவனம். விரதம் இல்லாத நாளில் இதே பருப்பிலும் ஷிரோவிலும் வெண்ணெய் சேரலாம். பால் பொருளே கூடாது என்பவர்கள் கேட்டுவிடுவது நல்லது. குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள் வெளிநாட்டு உணவகங்களில் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். டெஃப் விலை கூடுதல் என்பதால் கோதுமையோ பார்லியோ கலப்பது அங்கே சகஜம்.

யாராவது "ஏழு மணிக்குச் சாப்பிட வாருங்கள்" என்றாலும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். எத்தியோப்பியக் கடிகாரம் காலை 6 மணியிலிருந்து எண்ணத் தொடங்கும். அவர்களின் ஏழு மணி நம் மதியம் 1 மணி. இரவு போய் நின்றால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள்.

விரதம் இல்லாத நாளின் ராஜா, டோரோ வத். கோழிக் குழம்பு. முதலில் வெங்காயம். நம் கணக்கில் அல்ல, மலை மாதிரி வெங்காயம். அதைப் பொடியாக அரிந்து, ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாமல், அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே வதக்குவார்கள். அது கரைந்து கூழாகிப் பழுப்பேறிய பிறகுதான் வெண்ணெய், அப்புறம் மிளகாய் மசாலா. தேங்காய் இல்லை, தக்காளியை நம்பியும் இல்லை. குழம்பின் கெட்டித்தன்மை முழுக்க வெங்காயத்தால் வருவது. கோழியை வழக்கப்படி 12 துண்டாக வெட்டி, அவித்த முட்டைகளையும் சேர்த்து, பொறுமையாகக் கொதிக்க வைக்கிறார்கள். அவசரப்பட்டால் கெடும் குழம்பு. பண்டிகைக்கென்றே வைத்திருப்பது இதனால்தான்.

மசாலாவின் பெயர் பெர்பெரே. காய்ந்த மிளகாய், பூண்டு, இஞ்சி, வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், கொரரிமா என்ற அவர்கள் ஊர் ஏலக்காய் எல்லாம் சேர்ந்தது. இஞ்சியை அம்ஹாரிக் மொழியில் 'சிஞ்சிபில்' என்பதுபோல உச்சரிக்கிறார்கள். அரபு வழியாக அங்கே போன அந்தச் சொல்லின் வேரைத் தேடிப் போனால், திராவிட மொழிகளின் 'இஞ்சி'யில் வந்து நிற்கும். வெண்ணெயையும் அப்படியே உருக்குவதில்லை. மூலிகையும் மசாலாவும் போட்டுக் காய்ச்சி வடிக்கிறார்கள். நெய் உருக்கும்போது முருங்கைக்கீரை போடும் நம் வழக்கத்தின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்ஃபோ என்று ஒன்று வந்தால் மட்டும் யோசியுங்கள். பொடியாகக் கொத்திய பச்சை மாட்டிறைச்சியில் இந்த வெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் சேர்த்தது. அவர்களுக்கு அது பெருவிருந்து. பச்சை இறைச்சியால் வரும் நாடாப்புழுவுக்குக் கோசோ என்ற மரத்தின் பூவை மருந்தாகக் குடிக்கும் வழக்கமும் அங்கே பழங்காலத்திலிருந்தே உண்டு. 'லெப் லெப்' என்றால் லேசாக வதக்கித் தருவார்கள். முதல்முறை போகிறவர் நன்றாக வேகவைத்துத் தரச் சொல்வதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

பஞ்சப் படமும் காப்புரிமையும்

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு எத்தியோப்பியா என்றால் சாப்பாடு நினைவுக்கு வராது, பட்டினிதான் வரும். 1984 அக்டோபரில் பி.பி.சி. ஒளிபரப்பிய பஞ்சக் காட்சிகள் உலகமெங்கும் போயின. பல லட்சம் பேர் செத்த பஞ்சம் அது. மழை பொய்த்தது ஒரு காரணம். உள்நாட்டுப் போரும், அப்போதைய ராணுவ ஆட்சி நடந்துகொண்ட விதமும் இன்னொரு காரணம். அதற்குப் பிறகு அந்த நாட்டின் பெயரே உலகத்துக்கு எலும்பும் தோலுமான குழந்தையின் படமாகிவிட்டது. ஒல்லியாக இருக்கும் பிள்ளையைக் கேலி செய்ய ஆப்பிரிக்க நாடுகளின் பெயரைச் சொல்வது நம் பள்ளிக்கூடங்களிலும் நடந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் கொத்துக் கொத்தாக மனிதர்களைப் பறிகொடுத்த மண் இது. நம்மை யாராவது அந்த ஒரு படத்தை மட்டும் வைத்து அடையாளம் சொன்னால் எப்படி இருக்கும்?

பட்டினிக்காக அறியப்பட்ட நாட்டின் தானியத்துக்குப் பின்னாளில் போட்டியும் வந்தது. டெஃப் மாவைப் பதப்படுத்தும் முறைக்கு நெதர்லாந்து நிறுவனம் ஒன்று விண்ணப்பித்து, 2007-ல் ஐரோப்பியக் காப்புரிமையையே வாங்கிவிட்டது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக டெஃப் விளைவித்துச் சமைத்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். கடைசியில் ஹேக் நகர நீதிமன்றம், இதில் புதிதாகக் கண்டுபிடித்தது எதுவும் இல்லை என்று 2018-ல் அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. மஞ்சளுக்கும் வேம்புக்கும் வழக்காடியவர்களுக்கு இது பழகிய கதைதான். இதற்கிடையே, உள்ளூர் விலை ஏறிவிடக் கூடாது என்று 2006-லேயே டெஃப் தானியத்தை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை போட்டது எத்தியோப்பிய அரசு. சுட்ட இஞ்செரா மட்டும் விமானம் ஏறிப் போனது.

சாப்பிட்டு முடிக்கும்போது தட்டில் மிஞ்சுவது அடியில் விரித்த இஞ்செராதான். எல்லாக் குழம்பும் ஊறி, சொதசொதவென்று இருக்கும். முதல்முறை போகிறவர்கள் அது தட்டுக்கான விரிப்பு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். மொத்தச் சாப்பாட்டில் ருசியான பகுதி அதுதான்.

பிறகு காப்பி. 'புன்னா' என்பார்கள். காப்பி பிறந்த நாட்டில் அது அரை நிமிட வேலை அல்ல. தரையில் பசும்புல் பரப்பி, சாம்பிராணிப் புகை போட்டு, பச்சைக் கொட்டையைக் கழுவி, கண் முன்னாலேயே வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருவர் மூக்குக்கும் காட்டுவார்கள். உரலில் இடித்து, ஜெபெனா என்ற நீண்ட கழுத்து மண்குடுவையில் காய்ச்சி, காதில்லாத சின்னக் கிண்ணங்களில் ஊற்றுவார்கள். கொறிக்க வறுத்த பார்லியோ பாப்கார்னோ வரும். ஒரே தூளில் மூன்று முறை. முதலில் அபோல், அடுத்து டோனா, மூன்றாவது பரக்கா. பரக்கா என்றால் ஆசீர்வாதம். முதல் கிண்ணம் டிகிரி காப்பிக்காரர்களையே நிமிர வைக்கும். மூன்றாவது வரும்போது தண்ணீர் மாதிரி இருக்கும். இருந்தாலும் அது வரும் வரை எழுந்து கிளம்புவது மரியாதை இல்லை. மூன்று கிண்ணமும் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம் என்பதை மனதில் வைத்து, வீட்டில் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

மீந்துபோன இஞ்செராவைத் தூக்கிப் போடுவதில்லை. மறுநாள் காலை அதைப் பிய்த்துப் போட்டு, மிச்சக் குழம்போ, மசாலாவும் வெண்ணெயுமோ சேர்த்துப் புரட்டி எடுத்தால் ஃபிர்ஃபிர். அடிஸ் அபாபாவின் எந்தச் சின்ன டிபன் கடையிலும் காலையில் கிடைக்கும். இட்லி உப்புமாவை அலட்சியமாகப் பார்க்காதவர்களுக்கு இது நிச்சயம் பிடிக்கும்.